அம்மாவின் பாயிண்ட் டூ டூ

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வரும். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று. உங்களில் பலர் அதைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். நம் வயதுக்காரர்களுக்குத் துப்பாக்கி என்றால் சினிமா, இல்லாவிட்டால் தீபாவளி. நான் மட்டும் ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தச் செய்தியைத் தேடிப் படிப்பேன். படித்துவிட்டு எழுந்துபோய் கேஸ் அடுப்பு மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு பேத்தி படுத்திருக்கும் அறையை எட்டிப் பார்ப்பேன். "ஆயா ஆரம்பிச்சுட்டாங்க" என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் ஏழாவதோடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் வாயைத் திறக்காத ஒரு விஷயத்தை இப்போது எழுத வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அதுவே சரியா தப்பா என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

இப்போது விழுப்புரத்தில் ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது திண்டிவனத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஏரியை ஒட்டிய ஊர். எங்களுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற கொல்லையும் கொஞ்சம் கேப்பையும் இருந்தன. மல்லாட்டை காய் பிடிக்கிற சமயம் பன்றிகள் இறங்கிவிடும். ஒரே இரவில் கொல்லையை உழுதுவிட்டுப் போய்விடும். அதற்காகத்தான் அப்பா துப்பாக்கி லைசென்ஸ் வாங்கினார் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். லைசென்ஸில் எழுதியிருந்ததும் அதுதான். ஆனால் அவர் வாங்கி வந்த துப்பாக்கியைப் பார்த்ததும் ஊரே சிரித்தது.

அது பாயிண்ட் டூ டூ. ஒல்லியான குழல், தேய்ந்துபோன மரக்கட்டை. அதன் தோட்டா என் சுண்டு விரலில் பாதி இருக்கும். எங்கள் ஊரில் துப்பாக்கி வைத்திருந்த இன்னொருவர் ரெட்டைக்குழல்காரர். பெரிய பண்ணை, பெரிய மீசை, பெரிய துப்பாக்கி. அவர் அப்பாவின் துப்பாக்கியைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, குடைக்கம்பி மாதிரி கீது? பன்னி இத்தப் பாத்துச்சுன்னா சிரிச்சே செத்துப்பூடும்."

"செத்தா சரிதாங்க. சிரிச்சு செத்தா இன்னா, அழுது செத்தா இன்னா" என்றார் அப்பா.

விஷயம் என்னவென்றால், அப்பாவுக்குச் சுடுவது பிடிக்கும். காலேஜில் ஒரே ஒரு வருடம் என்.சி.சி.யில் இருந்தபோது படுத்துக்கொண்டு சுட்ட ஆசை அவரை விடவே இல்லை. ரெட்டைக்குழலுக்குப் போடும் தோட்டா ஒன்று வாங்குகிற காசுக்கு இந்தத் தோட்டா ஒரு கை நிறைய வரும். ஒரு விவசாயி வாரா வாரம் ஆசை தீரச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்றால் இதுதான் கட்டுப்படியாகும். பன்றிக்கு அப்பா தகரத்தைத் தட்டித்தான் சத்தம் போடுவார். துப்பாக்கி ஞாயிற்றுக்கிழமைக்கு.

ஏரி காய்ந்த பிறகு, உள்பக்கமாக இறங்கி, கரை உயரமாக நிற்கிற இடத்தில் சுடுவார். குண்டு மண்ணுக்குள் போய்விடும், வேறெங்கும் போகாது. சுடுவதற்கு முன்னால் பனைமரத்தில் சிவப்புத் துணி கட்டுவார். "சுடறோம்! சுடறோம்!" என்று இரண்டு பக்கமும் திரும்பிக் கத்துவார். மாடு மேய்க்கிறவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து "சுட்டுத் தொலைய்யா!" என்று பதில் கொடுப்பார்கள். கொட்டாங்குச்சி, பால்பவுடர் டப்பா, உதிர்ந்த தென்னங்குரும்பை, இவைதான் குறி.

அந்தச் சத்தம் உங்களுக்கு எப்படிச் சொல்வது. சினிமாவில் வருவது போல இடி கிடையாது. காய்ந்த தென்னை மட்டையைக் காலால் மிதித்து முறித்தால் 'டக்'கென்று ஒரு சத்தம் வருமே, அவ்வளவுதான். அப்புறம் ஒரு வாசனை. பொட்டு வெடியும் சுட்ட இரும்பும் கலந்த மாதிரி. போல்ட்டை இழுத்தால் காலித் தோட்டா துள்ளி மண்ணில் விழும். ஓடிப்போய் எடுத்தால் விரலைச் சுடும். அதன் விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். ஓரத்தில் பல் பட்ட மாதிரி ஒரு சின்னக் குழி இருக்கும். மற்ற தோட்டாவுக்கெல்லாம் நடுவில் குத்தினால்தான் வெடிக்குமாம். இதற்கு ஓரத்தில் பட்டாலே போதும் என்பார் அப்பா. கீழ் உதட்டில் வைத்து ஊதினால் விசில் வரும். என் பள்ளிக்கூடப் பைக்குள் எப்போதும் நாலைந்து கிடக்கும்.

இந்தக் கதையில் அம்மா வருவது நான் ஏழாவது படித்த வருடம்தான்.

அந்தப் பொங்கலுக்கு முன்னால் எனக்குத் தம்பி பிறந்தான். தொட்டில் கட்டுவதற்குள் போய்விட்டான். அதைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. என்னை எதிர்வீட்டில் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் கட்டிக்கொண்டதால், அது வற்றுவதற்காக மாரெல்லாம் மல்லிகைப் பூ வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்தப் பூ வாசனை வீடு முழுக்க இருந்தது. இன்றைக்கும் மல்லிகைப் பூ கட்டுகிற இடத்தில் என்னால் அதிக நேரம் நிற்க முடியாது.

அம்மா பேச்சை விட்டுவிட்டாள். சோறாக்குவாள், உப்பு போட மறந்துவிடுவாள். அடுப்பில் பால் பொங்கி வழிய அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வீட்டோடு வந்து தங்கினாள். அத்தை கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒருத்தி இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கிணற்றில் விழுந்தவள். அந்தக் கிணறு அத்தையின் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அம்மா தண்ணீர் இறைக்கப் போனால்கூட அத்தை பின்னாலேயே போவாள்.

என்ன செய்வது என்று தெரியாமல் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "காத்தாட வந்து குந்து, சும்மா." அம்மா பனைமர நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா சுட்டார். நான் தோட்டா பொறுக்கினேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, அப்பா ஒரு டப்பாவைப் பார்த்துச் சுட்டுச் சுட்டுத் தவறவிட்டுக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னாங்க, நீங்க மூச்சு உடறப்ப கொழா மேல தூக்குது."

அப்பா திரும்பினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அம்மா தானாகப் பேசியது அதுதான்.

"அப்பிடியா?"

"ஆமா. அத இப்டி குடுங்க."

அம்மா படுக்கவில்லை. உட்கார்ந்தபடியே முழங்கால் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். பாதி மூச்சை விட்டாள், மீதியை நிறுத்திக்கொண்டாள். டக். டப்பா விழுந்தது. அம்மா அந்த டப்பாவையே பார்த்தாள். பிறகு, "அய்ய, உழுந்துடுச்சு" என்றாள், டப்பாவுக்கு அடிபட்டுவிட்டது போல. அப்பா சிரித்தார். அம்மாவின் உதட்டிலும் ஏதோ அசைந்தது. நான் பார்த்தேன்.

லைசென்ஸ் அப்பா பெயரில். அம்மா சுட்டது சட்டப்படி சரிதானா என்று இதை எழுதும்போதுகூட எனக்கு உள்ளே உதைக்கிறது. அப்பா பக்கத்திலேயேதான் இருந்தார். அதைச் சொல்லி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் அம்மாவுடையவை ஆகிவிட்டன. லைசென்ஸில் போட்ட அளவுக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. அதனால் அந்த வாரத்துக்கு உண்டானதை அப்பா ஒரு குங்குமச் சிமிழில் போட்டு எடுத்துவருவார். முதலில் பாதிக்குப் பாதி என்று இருந்தது. பிறகு அப்பா, "எனுக்குத் தோள் வலிக்குது, நீயே சுடு" என்று சிமிழை அம்மா பக்கம் தள்ள ஆரம்பித்தார். அந்தத் துப்பாக்கியால் சுட்டால் ஒரு குழந்தைக்குக்கூடத் தோள் வலிக்காது. அது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

ஒருநாள் ரெட்டைக்குழல்காரர் கரைமேல் வந்து நின்றார்.

"இன்னாய்யா, சம்சாரம் சுடுது, நீ வேடிக்க பாக்கற?"

"நல்லா சுடுதுங்க. பாருங்களேன்."

"அந்தக் குரும்பைய அடிக்கச் சொல்லு பாக்கலாம்."

பனைமட்டையில் நூல் கட்டி ஒரு குரும்பை தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் ஆடிக்கொண்டும் இருந்தது. அம்மா குறி பார்த்தாள். பாதி மூச்சு. டக். குரும்பை அப்படியே செங்குத்தாகக் கீழே விழுந்தது. ரெட்டைக்குழல்காரர் இறங்கிப் போய் எடுத்துப் பார்த்தார். குரும்பையில் ஒரு கீறல் இல்லை. நூல் அறுந்திருந்தது.

"ஏம்மா, நூலையா அடிச்ச?"

"நூலத்தாங்க பாத்தேன்" என்றாள் அம்மா.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரை ஏறிப் போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என் காதோடு குனிந்து, "சும்மா சொன்னேன்டி. காயத்தான் பாத்தேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பா துப்பாக்கியைத் தோளில் வைத்தபடி திரும்பி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் மூன்று பேரையும் யாராவது ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றால், அந்த நிமிஷத்தில்தான் எடுத்திருக்க வேண்டும்.

சோற்றில் உப்பு சரியாக விழ ஆரம்பித்தது. அம்மா எனக்குத் தலை பின்னிவிட ஆரம்பித்தாள். துப்பாக்கியைத் துடைக்கிற வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். சுட்ட மறுநாள் காலையில், வேலையெல்லாம் முடிந்த பிறகு, பின்கட்டில் கிணற்றோரம் உட்காருவாள். கம்பியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுப்பாள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. முதலில் போல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுப்பாள். பின்பக்கம் இழுத்தால் கையோடு வந்துவிடும் இரும்புத் தண்டு அது. தோட்டாவைக் குத்துகிற ஊசி அதற்குள்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். "கீழ வெச்சிடாத, மண்ணு பூந்துக்கும்" என்பாள். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில்தான் வேடிக்கை. போல்ட் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைச் செருகி வெயில் படும்படி வைத்துவிட்டு, குழலின் வாய்ப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளிக் கோடுகள் சுற்றிச் சுற்றிப் போகும். அழுக்கு இருந்தால் கோடு மங்கலாகத் தெரியும். "பாருடி, சங்குக்குள்ள பாக்கற மாதிரி கீது" என்று என்னையும் பார்க்க வைப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான். பங்குனி முடிந்து சித்திரை பிறந்திருந்தது. பள்ளிக்கூடம் லீவு. அம்மா கட்டையைத் தரையில் ஊன்றி, குழல் வாயில் கண்ணை வைத்திருந்தாள். பக்கத்தில் சிமிழ் திறந்திருந்தது. மிச்சத் தோட்டாக்களையும் துடைத்து வைப்பது அவள் பழக்கம். அத்தை பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

அத்தை போட்ட கூச்சலில் கிணற்று மேட்டுக் காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன.

"ஐயோ! ஐயோ! கொழாய மூஞ்சில வெச்சிக்கினு குந்திக்கினு கீறாளே! பாவி, பாவி!"

பாய்ந்து வந்து துப்பாக்கியைப் பிடுங்கினாள். அம்மா மல்லாந்து விழுந்தாள்.

"அண்ணி, கத்தாதீங்க. உள்ள அழுக்கு இருக்குதான்னு பாத்துக்கினு இருந்தேன்."

"அழுக்கு பாக்கறவ கண்ணுல வெச்சா பாப்பா? தோட்டா வேற தொறந்து கெடக்குது! பச்சப் புள்ளைய பக்கத்துல வெச்சிக்கினே..."

"அத்த, போல்ட்டு எங்கிட்ட கீது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அத்தை துப்பாக்கியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உள்ளே ஓடி, தானிய அறையில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். கொல்லையிலிருந்து அப்பா ஓடி வந்தபோது வாசலில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் சொன்னதைத்தான் முதலில் கேட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் போய் அவர் முன்னால் கையை விரித்துக் காட்டினேன்.

"அப்பா, போல்ட்டு என் கையிலதாம்பா இருந்துச்சு."

அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அத்தை பின்னாலிருந்து, "அவ சொல்லிக் குடுத்து அனுப்பிச்சிருப்பாடா. புள்ள கையில அப்பறமா குடுத்துட்டு..." என்றாள்.

அப்பா போல்ட்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரி பாப்பா. நீ போய் வெளையாடு."

அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே தேர்தல் அறிவிப்பு வந்தது. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். அம்மா தன்னுடைய பழைய கத்தரிப்பூ நிறப் புடவையைக் கிழித்து உறை தைத்தாள். "மழ கிழ பட்டா மரம் ஊறிப்பூடுங்க. அவங்ககிட்ட சொல்லுங்க" என்று அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். சைக்கிளின் குறுக்குக் கம்பியில் கட்டிக்கொண்டு அவர் போவதைத் தெரு முனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தேர்தல் முடிந்தது. ரெட்டைக்குழல்காரரின் துப்பாக்கி வந்துவிட்டது. எங்களுடையது வரவில்லை.

"இன்ஸ்பெக்டர் மாறிட்டாராம். புதுசா வந்தவரு கையெழுத்து போடணுமாம்" என்றார் அப்பா.

"சரிங்க" என்றாள் அம்மா.

பிறகு, கடலூரிலிருந்து உத்தரவு வரணுமாம். பிறகு, லைசென்ஸ் புதுப்பிக்கணுமாம். ஒவ்வொரு வாரமும் அப்பா புதிதாக ஒன்று கண்டுபிடித்துக்கொண்டு வருவார். அம்மா ஒவ்வொரு தடவையும் "சரிங்க" என்பாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. என்னை அனுப்பவில்லை. "அவள தனியா உடக் கூடாது. நான் எத்தினி நாளு இங்கியே கெடக்கறது? பொட்டப் புள்ள, படிச்சது போதும். ஆத்தாவ பாத்துக்கினு வூட்ல இருக்கட்டும்" என்று அத்தை சொன்னாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் தீர்ப்பு. என் பை அத்தை மகனுக்குப் போயிற்று. உள்ளே கிடந்த காலித் தோட்டாக்களை எடுக்க மறந்துவிட்டேன். அவன் அவற்றை ரோட்டில் இறைத்துவிட்டானாம்.

ஆக, சாக நினைக்காத ஒருத்தி செத்துப்போகாமல் இருக்க நான் காவல் இருந்தேன். கிணற்றுக்குப் போனால் கூடப் போவேன். கதவைச் சாத்தினால் தட்டுவேன். அம்மாவுக்கு அது தெரியும். ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தவள் உள்ளேயிருந்து, "இருக்கேண்டி. போய் கோலி ஆடு, போ" என்றாள். கோபமாகக்கூட இல்லை.

ஆவணி மாதம் ஒருநாள் அம்மா, "வளையல் வாங்கியாறோம்" என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். திண்டிவனத்தில் இறங்கினோம். வளையல் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். ஸ்டேஷன் வாசலில் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவள் பையில் தையல் மெஷின் எண்ணெய் பாட்டில் இருந்தது. துடைக்கத் துணி இருந்தது. துப்பாக்கியைக் கட்டித் தூக்கிவரக் கயிறும் இருந்தது.

ரைட்டர் என்று ஒருவர் மேசைக்குப் பின்னால் எழுதிக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவின் பெயரையும் ஊரையும் சொன்னாள். "எலெக்ஷனுக்குக் குடுத்த துப்பாக்கிங்க. கையெழுத்து ஆயிடுச்சான்னு கேட்டுப் போவலாம்னு."

ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா கையெழுத்து? உங்க வூட்டுக்காரரு எலெக்ஷன் முடிஞ்சதுமே வந்து, வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாரே. சொல்லலியா?"

அம்மா என் தோளில் கையை வைத்தாள். கை கனமாக இருந்தது. வெளியே யாரோ ஒரு ஜீப்பைக் கிளப்பிக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை.

"ஒரு தபா பாக்கலாங்களா?"

ரைட்டர் யோசித்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் உள் அறையைத் திறந்து, துப்பாக்கியைக் கொண்டுவந்து தானே பிடித்துக்கொண்டு நின்றார். அட்டை ஒன்று கட்டியிருந்தது. அம்மா தைத்த உறையைக் காணோம். நாலு மாதத்துக்குள் குழலில் செம்மண் தெளித்த மாதிரித் துரு ஏறியிருந்தது.

"துரு புடிச்சிருக்குதுங்க" என்றாள் அம்மா.

"அதுக்கு இன்னாம்மா பண்றது? மேசை மேல தேங்கா எண்ணெய் கீது, வேணும்னா..."

"தேங்கா எண்ணெய் வேணாங்க. பிசுக்காயிடும்."

பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அவர் பிடித்திருக்க, அம்மா துடைத்தாள். குழலை மேலிருந்து கீழ் வரைக்கும், போல்ட்டின் பிடியை, விசையைச் சுற்றி. பிள்ளைக்குத் தலை துவட்டுகிறவள் மாதிரி காதோரமெல்லாம் விடாமல். முடித்ததும் அம்மா பாட்டிலையும் துணியையும் மேசைமேல் வைத்தாள்.

"மாசத்துக்கு ஒரு தபா தொடச்சி வெக்கச் சொல்லுங்க."

"சரிம்மா" என்றார் அவர். துடைத்திருக்க மாட்டார்கள். ஆனால் "சரிம்மா" என்றாரே, அது போதும்.

பஸ்ஸில் நான் கேட்டேன். "அப்பா பொய் சொன்னாராம்மா?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயந்துட்டாருடி. பயந்துபோனவங்ககிட்ட போய் இன்னான்னு கேக்கறது."

"நான் சொல்றேம்மா. போல்ட்டு எங்கிட்டதான் இருந்துச்சுன்னு."

"சொன்னியே."



அன்று இரவு அப்பா, "அடுத்த வாரம் வந்துரும்னு சொல்லிக்கினு இருக்காங்க" என்றார். அம்மா சோறு போட்டுக்கொண்டே, "சரிங்க" என்றாள். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். வளையல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அந்த 'சரிங்க' அதற்கப்புறம் அவள் ஆயுசு முழுக்கத் தொடர்ந்தது. அவள் உடைந்துபோனாள் என்று சொல்ல முடியாது. மாடு பார்த்தாள், என்னைக் கட்டிக்கொடுத்தாள், பேரன் பேத்தி எடுத்தாள். உப்பு மட்டும் சில நாள் விட்டுப்போகும். வரப்பில் உட்கார்ந்து சிரித்த அந்தச் சிரிப்பை மறுபடி நான் கேட்கவில்லை. யாராவது காய்ந்த மட்டையை முறித்தால் மட்டும் சட்டென்று திரும்புவாள். ஊசியில் நூல் கோர்க்கும்போது பாதி மூச்சை நிறுத்துவாள். அவள் போனது சாதாரணமாக, வயதாகி, சுரத்தில். அப்பா தலைமாட்டிலேயே இருந்தார்.

அப்பா அதற்குப் பிறகு சில வருடம் விழுப்புரத்தில் என்னோடு இருந்தார். கடைசி மாதங்களில் எழுந்து நடக்க முடியாது. ஒருநாள் மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். தேர்தல் பிரசார ஆட்டோ ஒன்று தெருவில் கத்திக்கொண்டு போயிற்று. அப்பா கையை நீட்டிக் கரண்டியைத் தடுத்தார்.

"பாப்பா. அந்தத் துப்பாக்கிய நான்தான் வேணாம்னு எழுதிக் குடுத்தேன். உங்கம்மாவுக்குத் தெரியாமயே பாத்துக்கினேன், கடசி வரைக்கும்."

"தெரியும்பா" என்று சொல்லவில்லை. அம்மா அத்தனை வருடம் காப்பாற்றிய ஒன்றை நான் உடைக்க முடியுமா?

"அத நான் கொண்டாந்திருந்தா அவ அன்னிக்கே போயிருப்பா. இத்தினி வருஷம் இருந்தாளே. அது ஒண்ணுதான் நான் உருப்படியா செஞ்சது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆனா நீ ஒண்ணு சொன்ன. கையத் தொறந்து காட்டின. அது எனுக்குக் கண்ணுலயே நின்னுக்கினு கீது. நம்பணும்னுதான் இருந்துச்சு. நம்பி, தப்பாப் போயிருந்தா? அதான்." என் முகத்தை உற்றுப் பார்த்தார். கண்ணில் படலம் விழுந்திருந்தது, ஆனாலும் பார்த்தார். "மெய்யாவே போல்ட்டு உங்கையிலயா இருந்துச்சு?"

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் கையில் வேறெதுவும் மிச்சமில்லை. மனைவியைக் காப்பாற்றினோம் என்ற அந்த ஒன்றுதான் இருந்தது.

"இல்லப்பா. அம்மாதான் அப்பறமா குடுத்து, சொல்லச் சொன்னாங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் இருந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தது. "அதான். நான் நெனச்சேன்" என்றார். அன்றைக்கு வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். நான் பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். வலது கையைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. எண்ணெய் வாசனை மட்டும் வந்த மாதிரி இருந்தது.

இப்போது அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. அம்மாவைப் பற்றி நான் சொன்ன கடைசி வார்த்தை பொய்யாகவே நின்றுபோகுமோ என்ற பயம்தான் இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. கேட்பதற்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் அவள் சாக நினைக்கவில்லை. வெயிலில் உட்கார்ந்துகொண்டு, குழலுக்குள் கோடு பளிச்சென்று தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காக.

போல்ட்டு என் கையில்தான் இருந்தது.